முதல் பயனாளியின் கழுத்து

சங்கரன்கோவிலில் எதைத் திறந்தாலும் மைக்செட் என்னுடையதுதான். ரேஷன் கடை, நகைக்கடை, பொதுக் கழிப்பறை எல்லாவற்றுக்கும் பெட்டி கட்டியிருக்கிறேன். ஜனங்கள் நடந்துகொண்டிருந்த ஒரு பாலத்தை, திறப்பு விழா வைக்க மறந்துபோயிற்று என்று ஒருநாள் அடைத்து, மறுநாள் திறந்தார்கள். அதற்கும் நான்தான். ஆகவே பேச்சு என்ற சரக்கு எனக்குப் புதிதில்லை. ஆனால் நூல்வளம் அறக்கட்டளை மருத்துவமனையில் அந்த மெஷினைத் திறந்த கதையைச் சொல்லும்போது மட்டும் எனக்கு வயிற்றெரிச்சல் வந்துவிடுகிறது. வரட்டும், வந்தால் என்ன?

அறக்கட்டளையின் தலைவர் கோமதிநாயகம் முதலாளி. ஊரில் பாதி விசைத்தறிகளுக்குப் பாவு நூல் கொடுப்பவர். அவர் கொடுத்தால் தறி ஓடும், கொடுக்காவிட்டால் தறிக்காரன் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான். என் தெருவில் இருக்கும் இசக்கித்துரை அவருடைய நூலில்தான் சேலை நெய்கிறான். அவன் மனைவி ஆவுடைத்தாய். தறிச் சத்தத்தை மீறிக் கேட்கிற குரல் அவளுக்கு. அவள் வாசலில் மீன்காரனிடம் பேரம் பேசினால் தெருமுனையில் இருக்கும் என் கடைக்குக் கேட்கும். "இவளுக்கு எதுக்கு அண்ணாச்சி உம்ம மைக்செட்டு?" என்று இசக்கித்துரை என்னிடம் பெருமையடிப்பான்.

அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நெல்லிக்காய் அளவு இருக்கும். எச்சில் விழுங்கினால் மேலே ஏறிக் கீழே இறங்கும். அறக்கட்டளை மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே ஸ்கேன் டாக்டர் எப்சிபா. சின்ன வயது, ஒல்லியான உருவம், சுற்றி வளைக்காத பேச்சு. கட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"தைராய்டு கட்டி. நிறையப் பேருக்கு வரும், முக்கால்வாசி ஒண்ணும் செய்யாது. ஆனா இது கையில கொஞ்சம் கெட்டியாத் தட்டுது. ஊசி குத்தி உள்ள இருந்து துளி எடுத்துச் சோதிச்சிருவோம்."

"இன்னைக்கேவா டாக்டரம்மா?" என்றான் இசக்கித்துரை.

"இன்னைக்கே."

அந்த நேரம் பார்த்து மேலாளர் செல்லச்சாமி உள்ளே வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர். "இன்னைக்கு ஊசி கிடையாது. நம்ம ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்திருக்கு. இவங்க கழுத்தை அதுல பாத்த பெறவுதான் ஊசி" என்றார்.

மெஷின் வந்திருந்தது உண்மைதான். சாதா ஸ்கேன் கட்டியின் உருவத்தைக் காட்டும். இந்த மெஷின் அந்த இடத்துச் சதை எவ்வளவு கெட்டி, எவ்வளவு மெது என்பதை நிறத்தில் காட்டுமாம். மெதுவாக இருந்தால் பச்சை, கெட்டியாக இருந்தால் சிவப்பு. கெட்டியாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும், அவ்வளவுதான். முடிவு சொல்வது ஊசிதான் என்று எப்சிபா விளக்கினார்.

"அப்ப மெஷினை இப்பவே போடுங்களேன் சார், பாத்துட்டு ஊசி போட்டுருதேன்."

"திறப்பு விழா நடக்காம எப்படிம்மா போட? தாலி கட்டாம குடித்தனம் நடத்தச் சொல்லுதீங்களா?" என்றார் செல்லச்சாமி.

மெஷின் பிளாஸ்டிக் உறைக்குள் சந்தனம் குங்குமத்தோடு நின்றது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். திறந்துவைக்க ஒரு பெரியவர் வருவதாக ஏற்பாடு. அவருக்கு அப்போது பதவி இல்லை. வரப்போகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. இருக்கிற பதவியைவிட வரப்போகிற பதவிக்குத்தான் எங்கள் ஊரில் மாலை பெரிதாக இருக்கும். அவர் தேதி கொடுத்தார், மாற்றினார், மறுபடி கொடுத்தார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊரே கொள்ளாத கூட்டம் திரளும். ஆனால் மெஷின் திறக்க ஆடி ஆகாதாம்.

இதற்கிடையில் முதல் பயனாளியின் கழுத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். வரிசையாகப் பெண்களை உட்கார வைத்துப் பார்த்தார்கள். முதலாளியே வந்து நின்றார்.

"கட்டி தூரத்துல இருந்து தெரியணும். ஆனா பாத்தா பயம் வரக்கூடாது. முகத்துல ஒரு களை இருக்கணும்" என்றவர், ஆவுடைத்தாயைக் காட்டி, "இது லெச்சணமான கழுத்து" என்றார். இசக்கித்துரைக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. முதலாளி சொன்னதால் சந்தோஷப்பட்டான்.

"விழா நடக்கட்டும் சார், அதுக்கு முன்னால ஊசி மட்டும் போட்டுருதேனே" என்று எப்சிபா கெஞ்சினார்.

"ஊசி போட்ட எடத்துல பஞ்சு ஒட்டணும்லா? படத்துல அசிங்கமாத் தெரியும்" என்றார் செல்லச்சாமி.

ஆவணியில் விழா நடந்தபோது நெல்லிக்காய் எலுமிச்சம்பழமாகியிருந்தது. தூரத்திலிருந்து நன்றாகவே தெரிந்தது.

மேடையிலேயே கட்டில் போட்டு ஆவுடைத்தாயைப் படுக்க வைத்தார்கள். பெரியவருக்குப் பொன்னாடை, முதலாளிக்குப் பொன்னாடை, மெஷினுக்கும் ஒரு பொன்னாடை. அது காற்றுப் போகும் ஓட்டையை அடைத்ததால் மெஷின் கீக் கீக் என்று கத்தியது. வணக்கம் சொல்லுகிறது என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. பெரியவர் குத்துவிளக்கு ஏற்றினார். பிறகு கழுத்தில் வைத்துப் பார்க்கும் கைப்பிடியை வாங்கி, ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதுபோல ஆவுடைத்தாயின் கழுத்தில் அமுக்கினார். அவளுக்கு இருமல் வந்தது. பெரிய திரையில் கட்டி விழுந்தது. நல்ல சிவப்பு.

பெரியவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். அதன்பின் மேடையில் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. நடந்தது இதுதான்.

"என்னய்யா, செவப்பா இருக்கு?"

"கட்டி கெட்டியா இருக்குன்னு அர்த்தம் சார். இவங்களுக்கு உடனே ஊசி போட்டுப் பாக்கணும்" என்றார் எப்சிபா.

"நான் அர்த்தமா கேட்டேன்? ஏன் செவப்பா இருக்குன்னு கேட்டேன். சிக்னல்ல செவப்பு விழுந்தா வண்டி நின்னுரும். என் வண்டி இப்பத்தான் கெளம்பப் போகுது. நாளைக்குப் பேப்பர்ல என் தலைக்குப் பின்னால செவப்பு தெரிஞ்சா நாலு பேரு என்ன சொல்லுவான்?"

முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. மெஷின் கம்பெனியிலிருந்து வந்திருந்த லிங்கேஷ் என்ற பையன்தான் வழி சொன்னான். "நெறத்தைத் திருப்பிப் போட்டுக்கலாம் சார். கெட்டிக்குப் பச்சை, மெதுவுக்குச் செவப்பு. சில பேரு அப்படியும் வச்சிக்கிடுதாங்க. ஒரு பட்டன்தான்."

பட்டனை அமுக்கினான். எங்கள் கண்முன்னே கட்டி பச்சையாயிற்று. கட்டியைச் சுற்றியிருந்த நல்ல சதையெல்லாம் சிவப்பாகிவிட்டது. அதை யார் பார்க்கிறார்கள்? கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. இசக்கித்துரை முன்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினான். பெரியவர் மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

"மருத்துவம் என்றால் என்ன? நம்பிக்கை! நோயாளிக்கு நோய் இருக்கிறதா, இல்லையா என்பது இரண்டாம் பட்சம். நம்பிக்கை இருக்கிறதா என்பதுதான் முதல் பட்சம். நான் கை வைத்தேன், பச்சை ஆயிற்று. இதற்கு மேலும் ஒருவருக்குச் சோதனை தேவை என்றால், சோதிக்க வேண்டியது அவருடைய மனதைத்தான்!"

ஆவுடைத்தாய்க்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

மறுநாள் எப்சிபா நிறத்தைப் பழையபடி மாற்றப் போனார். செல்லச்சாமி குறுக்கே நின்றார். திறந்துவைத்த பொருளைத் திறந்துவைத்த நிலையிலேயே பராமரிப்பது அறக்கட்டளையின் மரபாம்.

முதலாளி அழைத்துப் பக்குவமாகவே சொன்னார். "கல்வெட்டுல பெரியவரு பேரு இருக்கு. அதுல ஒரு எழுத்தை மாத்துவீங்களாம்மா? நெறமும் அப்படித்தான்."

எப்சிபா ஒரு தாளில் "பச்சை என்றால் கெட்டி, கவனம்" என்று எழுதித் திரையோரம் ஒட்டினார். மருத்துவமனைச் சொத்தை அசிங்கப்படுத்தியதாக அதைக் கிழித்துவிட்டு, அவரை மேலநீலிதநல்லூரில் ரத்தக் கொதிப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அவர் வேலையை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குப் போய்விட்டார். பச்சையா சிவப்பா என்று பார்க்க டாக்டர் எதற்கு என்று செல்லச்சாமியே முடிவு சொல்ல ஆரம்பித்தார். வெளியூரிலிருந்து எப்போதாவது வரும் ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடிப்பார்.

அதன்பின் நடந்ததுதான் கூத்து. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மெதுவான, சாதாரணக் கட்டிதான். அவர்களுக்கெல்லாம் சிவப்பு விழுந்தது. சிவகிரியிலிருந்து துரைப்பாண்டி என்ற விவசாயி வந்தார். அவர் கழுத்தில் இருந்தது வெறும் நீர்க்கட்டி.

"ஏன் வே உமக்குச் செவப்பு விழுது?" என்று செல்லச்சாமி அதட்டினார்.

"நான் ஒண்ணும் செய்யலையே சார். சும்மா படுத்துத்தான கெடந்தேன்."

"கீரை நல்லாத் தின்னுட்டு அடுத்த மாசம் வாரும்."

துரைப்பாண்டி ஒரு மாதம் முருங்கைக்கீரையாகத் தின்றுவிட்டு வந்தார். மறுபடி சிவப்பு. ஒத்துழைக்காத கட்டி என்று சொல்லி மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசி போட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். அவர் சந்தோஷமாக வந்து தேங்காய் உடைத்தார். சிவப்பு விழுந்து மதுரைக்குப் போனவர்கள் எல்லாருமே இப்படி நல்லபடியாகத் திரும்பினார்கள். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம மெஷின்ல ஒரு தடவை படுத்துட்டுப் போனாலே, மதுரை போயிச் சேருததுக்குள்ள நோய் போயிருது" என்று போகுமிடமெல்லாம் சொன்னார்.

எப்போதாவது ஒருவருக்குப் பச்சை விழும். அவருக்குப் பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்புவார்கள்.

தைப் பொங்கல் கழிந்ததும் ஆவுடைத்தாயின் குரல் கம்மியது. முதலில் கரகரப்பு, பிறகு காற்று மாதிரி. மீன்காரன் அவள் வாசலைத் தாண்டிப்போய்விட்டுத் திரும்பி வருவான். இசக்கித்துரை செல்லச்சாமியிடம் ஓடினான்.

"பச்சைக்குத் தொண்டை கட்டாது வே. தறித் தூசியா இருக்கும். வெந்நீர் குடிக்கச் சொல்லும்."

அவன் விடவில்லை. முதலாளி வீட்டுக்கே போனான். "மொதல்ல டாக்டரம்மா சொன்ன அந்த ஊசியை மட்டும் போட்டுருங்க மொதலாளி" என்றான்.

முதலாளி கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதுதான் அவரிடம் பயம். "எலே இசக்கி, பச்சைக்கு ஊசி போட்டா பெரியவரு கையை நம்பலன்னு ஆயிரும்லா? நான் ஒனக்குப் பாவு நூலு தாரேன். நீ என்னைக்காவது அதை இன்னொரு கடையில கொண்டுபோயிக் காட்டி, நல்ல நூலான்னு கேட்டிருக்கியா?"

"இல்ல மொதலாளி."

"கேக்க மாட்ட. ஏன்னா ஒனக்கு நன்றி இருக்கு. போயி வேலையப் பாரு."

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவன் ஆவுடைத்தாயிடம் கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். ஊரறியப் பொன்னாடை போர்த்தி நல்லா இருக்கு என்று சொல்லியாயிற்று. தறி நின்றுபோனால் என்ன செய்வது என்று நினைத்திருப்பாள். அவனும் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

முதலாம் ஆண்டு விழா வந்தது. முதல் பயனாளி நன்றியுரை என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். பயனாளிக்குக் குரலே இல்லை என்பது விழாவன்று காலையில்தான் செல்லச்சாமிக்கு உறைத்தது. அதற்காக அழைப்பிதழை மாற்ற முடியுமா? என்னிடம் இன்னொரு மைக் கேட்டு வாங்கி, திரைக்குப் பின்னால் வரவேற்பில் இருக்கும் ஜெஸ்லினை உட்கார வைத்தார்கள். மேடையில் ஆவுடைத்தாய் வாயை அசைத்தாள். பின்னாலிருந்து ஜெஸ்லின் படித்தாள்: "நான் ஆவுடைத்தாய். நான் பூரண நலத்தோடு இருக்கிறேன். என் கழுத்து இந்த மருத்துவமனைக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறது..."

பாதியில் ஆவுடைத்தாய்க்கு மூச்சிரைத்து வாய் நின்றுவிட்டது. பேச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் எழுந்து, "முன்பைவிட இந்த அம்மாவின் குரல் இனிமையாகிவிட்டதைக் கவனித்தீர்களா?" என்றார். கை தட்டினார்கள். ஜெஸ்லின் திரைக்குப் பின்னால் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் தண்ணீர் குடிக்கும்போது ஆவுடைத்தாய்க்குப் புரையேறிக் கண் செருகிவிட்டது. இசக்கித்துரை யாரையும் கேட்கவில்லை. ஒரு காரைப் பிடித்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனான். நானும் கூடப் போனேன். அங்கே ஸ்கேன் அறையில் எப்சிபா இருந்தார். ஆவுடைத்தாயைப் பார்த்ததும் அவரே ஓடிவந்து கட்டிலில் படுக்க வைத்தார். மெஷினை வைத்தார். திரையில் கட்டி சிவப்பாக விழுந்தது.

"அங்கன பச்சையால்லா இருந்துச்சு?" என்றான் இசக்கித்துரை.

அப்போதுதான் அந்த மேடையில் நடந்ததை எல்லாம் எப்சிபா சொன்னார். பட்டனைப் பற்றிச் சொன்னார். "நான் உங்க வீட்டைத் தேடி வந்து சொல்லிருக்கணும் அண்ணாச்சி. சண்டை போட்டேன், வேலையை விட்டேன், உங்ககிட்ட வந்து சொல்லணும்னு மட்டும் தோணாமப் போச்சு" என்று சொல்லி அழுதார். அன்றே ஊசி போட்டார்கள். புற்றுநோய். குரல் நரம்பைச் சுற்றி, மூச்சுக்குழாயைத் தொட்டுவிட்டது. முதலிலேயே எடுத்திருந்தால் முழுதாக எடுத்திருக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். இசக்கித்துரை கையைக் கட்டிக்கொண்டு, பாடம் கேட்பவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

மூச்சு விடக் கழுத்தில் ஓட்டை போட வேண்டும், அதற்குப் பிறகு பேச முடியாது என்றார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் அவள் காற்றுக் குரலில் அவனிடம் பேசினாள். நான் கட்டிலுக்கு மறுபக்கம் நின்றேன்.

"டாக்டரம்மா அன்னைக்கு மேடையில கெட்டியா இருக்குன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு."

இசக்கித்துரை அவள் பக்கம் குனிந்தான். "ஏட்டி, ஏன் எங்கிட்ட சொல்லல?"

"திரும்பிப் பாத்தேன். நீங்க கீழ நின்னு கண்ணைத் தொடச்சிக்கிட்டுக் கை தட்டிக்கிட்டிருந்தீய. அம்புட்டுச் சந்தோசமா ஒங்களை நான் பாத்ததே இல்ல. எப்படிச் சொல்ல?" சற்று மூச்சு வாங்கினாள். "பெரிய மனுசங்க எல்லாரும் பச்சைங்காவ, டாக்டரம்மாதான் தப்பாச் சொல்லிருப்பாவன்னு நெனச்சிக்கிட்டேன்."

அவன் அவள் காலடியில் தலையை வைத்துக் கதறினான். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கார்த்திகையில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அறக்கட்டளை இரங்கல் கூட்டம் நடத்தியது. மைக் என்னுடையதுதான். முதலாளி பேசினார்: "அம்மையார் ஆவுடைத்தாய் நம் மருத்துவமனையில் இறக்கவில்லை என்பதை நன்றியோடு நினைவுகூர்கிறேன். அவர் இறந்தது திருநெல்வேலியில். நம்மிடம் இருந்தவரை அவர் பச்சையாகவே இருந்தார்."

கூட்டம் முடிந்ததும் இசக்கித்துரை அவர் முன்னால் போய் நின்றான். நான் பயந்துவிட்டேன். அவன் கையை ஓங்கவில்லை.

"மொதலாளி, அந்த நெறத்தை மட்டும் பழையபடி திருப்பிப் போட்டுருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

முதலாளி அவன் தோளைத் தட்டினார். "நானும் அதைத்தான் நெனச்சேன். திருப்பிப் போடுததையும் ஒரு விழாவா வச்சிருவோம். பெரியவர்கிட்ட தேதி கேட்டிருக்கேன். மார்கழி கழியட்டும்."

மார்கழி கழிந்தது, தையும் கழிந்தது. பெரியவருக்குப் பதவி வந்துவிட்டதால் அவர் தேதி இன்னும் அரிதாகிவிட்டது.

இசக்கித்துரைக்கு இப்போது பாவு நூல் வருவதில்லை. காலையில் மருத்துவமனை வாசலுக்கு எதிரே வந்து நிற்கிறான். சிவப்பு விழுந்தவர்களை விட்டுவிடுகிறான். பொன்னாடையோடு வருகிறவர்களை மட்டும் மறித்து, திருநெல்வேலிக்குப் போய் ஊசி போட்டுப் பாருங்கள் என்கிறான். நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமாகப் பேசுகிறான் என்று திட்டுகிறார்கள். பெண்டாட்டி செத்ததில் புத்தி பிசகிவிட்டது என்று செல்லச்சாமி எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

போன வாரம் நானும் அவன் பக்கத்தில் நின்றிருந்தேன். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து இளம் ஜோடி ஒன்று வெளியே வந்தது. அவள் தோளில் பொன்னாடை. புருஷன் பைக்கை எடுக்கப் போன இடத்தில், போனில் யாரிடமோ, "பச்சைல்லா! ஒண்ணுமே இல்லன்னுட்டாவ!" என்று கத்திக்கொண்டிருந்தான். இசக்கித்துரை அவளிடம் போய், மனைவி கழுத்துக் கட்டியில் செத்ததைச் சொல்லி, திருநெல்வேலி ஊசியைப் பற்றியும் சொன்னான். அவள் திட்டவில்லை. கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் கேட்டாள்.

"ஒங்க வீட்டு அக்காவுக்கும் பச்சைதானா அண்ணாச்சி?"

"ஆமா தாயி. எங்களுக்கும் கை தட்டுனாவ."

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் பைக்கில் உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, வா என்று கையை ஆட்டினான்.